கரி வண்டி வரும் வரை

உங்களில் பாதிப் பேர் இந்த உத்தியோகத்துக்கு வந்தது இலவசப் பாஸுக்காக என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், நானும் அப்படித்தான் வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை டிக்கெட் வாங்காமல் ஊருக்குப் போய்வரலாம், பெண் கொடுப்பவர்களும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவில் வந்து இறங்கிவிட்டேன். சிக்னல் எப்படி இறக்குவது, வண்டியை எப்படிக் கோப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் பள்ளியில் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் சொல்லப் போவது ஒரு நாளில் நடந்தது. அதைப் பற்றி இத்தனை வருஷமும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நீங்களாவது யோசித்துப் பாருங்கள்.

அப்போது நான் நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு சந்திப்பு நிலையத்தில் வேலைக்குப் புதிது. வடக்கே நகரத்துப் பெரிய ஸ்டேஷன். தெற்கே நெல்வயலும் சதுப்பும் தாண்டி ஆற்றுமுகம் வரை ஒரு பாதை. மேற்கே கப்பல் துறைக்குப் போகும் சரக்குப் பாதை. மூன்றும் எங்கள் காலடியில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டன. விடியற்காலையில் கரியாஹாட், காளிகாட் சந்தைகளுக்குப் போகிற மீன் கூடைகளும் கீரைக் கட்டுகளும் பிளாட்பாரத்தை நாறடிக்கும். பிறகு ஆபீஸ் குமாஸ்தாக்கள். இடையிடையே கரி, சணல், தோல் என்று கப்பலுக்குப் போகிற சரக்கு வண்டிகள். மூச்சு விட நேரம் இருக்காது.

லைன் கிளியர் என்பது உங்கள் வாயில் சர்வசாதாரணமாக வருகிற வார்த்தை. அடுத்த ஸ்டேஷன்காரன் தந்தியில், வண்டி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அனுப்பு என்று நாம் சொல்லிவிட்டால், அந்த வண்டி நம்மைக் கடந்து போகும்வரை அந்தப் பாதை அதற்கு மட்டும்தான். கேட்டவன் முகத்தை நாம் பார்த்ததில்லை. டிரைவர் நம் இரண்டு பேரையுமே பார்த்ததில்லை. ஆனாலும் நம்பிப் புறப்படுகிறான்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வங்காளி. எல்லோரும் அவரை மாஸ்டர் மஷாய் என்று கூப்பிடுவோம், அந்த ஊரில் அது ‘ஐயா’ என்பதுபோல. ஒல்லியான மனிதர். வெற்றிலையும் சிடுசிடுப்பும் வாயை விட்டுப் போகாது. லைன் கிளியர் கொடுத்த உடனே தலையிலிருந்து தொப்பியைக் கழற்றித் தந்திக் கருவியின் மேல் கவிழ்த்துவிடுவார். வண்டி கடந்த பிறகுதான் அது மறுபடி தலைக்கு ஏறும். தொப்பி கருவியின் மேல் இருக்கிற வரை மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பது போர்ட்டர் முதல் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் லீவு கேட்கிற அசடு எங்கள் ஸ்டேஷனில் நான் ஒருவன்தான், அதுவும் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு நாள் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நின்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. “வண்டி பாதையில இருக்கு” என்றார். துரை தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மாஸ்டருக்கு மனைவி இல்லை, குழந்தை இல்லை. ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் அவருடைய அக்காவும் அவரும்தான். அந்த அம்மாள் சிறு பெண்ணாக இருக்கும்போதே விதவையாகித் தாய் வீட்டுக்குத் திரும்பியவர். கொஞ்ச நாளில் தாயும் போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தார். ஊருக்கெல்லாம் மாஸ்டர் மஷாய். அக்காவுக்கு மட்டும் ‘கோகா’. நாம் குழந்தையை ‘ராஜா’ என்கிறோமே, அந்த மாதிரி. விஜயதசமியன்று என்னை வீட்டுக்கு அழைத்து, நம் பூரி மாதிரி இருக்கிற லூச்சி போட்டார்கள். நான் கூச்சத்தில் போதும் போதும் என்று கையை மறித்தேன். “மதராஸித் தம்பி, உங்க ஊர்ல பசின்னா எப்படிச் சொல்வீங்க? அதைச் சொல்லு, நான் போடறேன்” என்றார் அந்த அம்மாள். நானும் அவரை எல்லோரையும்போல ‘திதி’, அதாவது அக்கா, என்றே கூப்பிடத் தொடங்கினேன்.

அந்தத் தை மாதம் திதி தெருப் பெண்களோடு, கங்கை கடலில் சேருகிற இடத்துக்குச் சாகரத் தீர்த்தம் ஆடப் போனார். மாஸ்டரே கையைப் பிடித்துப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டார். தீர்த்தம் ஆடியவர்கள் சில நாட்களில் ஸ்பெஷல் வண்டிகளில் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு நாள் முற்பகல் தெற்கிலிருந்து தந்தி வந்தது. வருகிற ஸ்பெஷலில் வாந்திபேதி கண்டிருக்கிறது. பிளாட்பாரத்துக்குக் கொண்டுவராதே, சரக்குப் பாதைக்குப் பக்கத்துப் பாதையில் நிறுத்து, கதவுகளைத் திறக்காதே, டாக்டர் வரும்வரை காத்திரு. மாஸ்டர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் அசையவில்லை.

“திதி இதுலதான் வரா” என்றார்.

தொப்பி அப்போதே கருவியின் மேல் இருந்தது. வடக்கிலிருந்து கப்பல் துறைக்குப் போகிற கரி வண்டிக்குச் சற்று முன்புதான் லைன் கிளியர் கொடுத்திருந்தார். அது புறப்பட்டும் விட்டது. வழியில் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் நீராவி போதாமல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் மேடேறி இறங்கும். ஸ்பெஷல் வந்து நிற்கப் போகிற இடத்தை உரசினாற்போலத்தான் அதன் பாதை. அந்தப் பாதைக்கு அப்பால் ஒரு பெரிய குளம்.

இங்கேதான் ஆபத்து என்பது உங்களுக்குப் புரியும். பூட்டிய பெட்டிக்குள் தாகம் எடுத்தவர்கள் கண்ணெதிரே தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? கதவை உடைத்துக்கொண்டு கரி வண்டியின் பாதையைத் தாண்டி ஓடுவார்கள். சிக்னலை மறித்து அதை வெளியிலேயே நிறுத்தக் கூடாதா என்று கேட்பீர்கள். பாலத்து இறக்கத்தில் அத்தனை பாரத்தோடு வருகிற வண்டி, பிரேக் போட்ட பிறகும் சறுக்கிக்கொண்டு வந்துதான் நிற்கும். எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் மாஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தார். பாதை நெடுக, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன்களைச் சிவப்புக் கொடியோடு நிறுத்தினார். கரி வண்டி மேடேறியதும் பாலத்து ஆள் தந்தியைத் தட்டுவான். உடனே மாஸ்டர் ஸ்டேஷன் மணியை விடாமல் அடிக்கச் சொல்வார். மணி கேட்டதும் பாயின்ட்ஸ்மேன்கள் பாதையில் ஓர் ஆள் இல்லாமல் விலக்கிவிட வேண்டும். அந்தத் தட்டலைக் கேட்க ஒருவர் கருவியின் முன்னால் இருந்தே ஆக வேண்டும். எனக்கு அந்தக் கருவியில் உட்காரச் சான்று இல்லை. பரீட்சை எழுதியிருந்தேன், முடிவு வரவில்லை.

ஸ்பெஷல் வந்து நின்றது. சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்து, “தண்ணிக்காரரைக் கூட்டிட்டுப் போ. எல்லாப் பெட்டிக்கும் ஜன்னல் வழியாத் தண்ணி கொடுங்க. கதவு திறக்கக் கூடாது” என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் காலத்தில் ஸ்டேஷன்களில் இந்துப் பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பிராமணரை வைத்திருப்பார்கள். எங்கள் தண்ணிக்காரர் வயதானவர், பயந்தவர், ஆனால் அன்று பின்வாங்கவில்லை. இரண்டு பேரும் வாளி வாளியாகக் குழாய்த் தண்ணீரைச் சுமந்து ஜன்னல் ஜன்னலாக ஊற்றினோம். நீட்டிய கைகளைப் பார்க்க முடியவில்லை. பெண்கள் பெட்டிக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல், “ஸ்டேஷன் மாஸ்டரோட திதி இங்கே இருக்கா!” என்று கத்தியது. எட்டிப் பார்த்தேன். ஜன்னலோர பலகையில் திதி சுருண்டு கிடந்தார். கண் குழிந்து, உதடு வெடித்து, லூச்சி போட்ட அதே கை தோலாகச் சுருங்கிக் கிடந்தது. லோட்டாவை நீட்டினேன். தலையை ஆட்டினார்.

“இன்னிக்கு ஏகாதசி” என்றாள் பக்கத்திலிருந்தவள். “காலையிலேருந்து கெஞ்சறோம். ஒரு சொட்டு தொடமாட்டேங்கறா.”

நம் பக்கத்திலும் ஏகாதசி உண்டு. பலகாரத்தைக் கட்டிக்கொண்டு உபவாசம் இருக்கிற சாமர்த்தியமும் நமக்கு உண்டு. வங்காளத்து விதவைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது. உயிர் போகிற காய்ச்சலிலும் உதட்டை நனைக்கவிடாத வீடுகள் இருந்தன. இந்த அம்மாள் அறியாத வயதிலிருந்து அதைக் காத்து வந்தவர். நான் கெஞ்சினேன். கடைசியில் திதி வாயைத் திறந்தார். “கோகா வந்து சொல்லட்டும். அவன் சொன்னா குடிக்கறேன்.”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாஸ்டர் கருவியின் மேல் காதை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தார்.

“மஷாய், திதிக்கும் பேதி கண்டுடுத்து. ஏகாதசின்னு தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொன்னா குடிக்கறாங்களாம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

“கரி வண்டி இன்னும் மேடேறலை” என்றார்.

“நான் உட்கார்றேன். நீங்க போய்ட்டு வாங்க.”

“உனக்குச் சான்று வந்துடுத்தா?”

“இல்லை. ஆனா எனக்குத் தட்டல் புரியும்.”

“புரியும்னு நீ சொல்றே. அந்த டிரைவர் உன்னை நம்பி வரலை, என்னை நம்பி வரான்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வயதில் வாய்க்குப் பூட்டு ஏது? “நீங்க என்ன மனுஷன்? கூடப் பிறந்தவ அங்கே தொண்டை வறண்டு கிடக்கறா. சரி, நீங்க வர வேண்டாம். குடிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. நான் போய்ச் சொல்றேன்.”

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. கண் நிறைந்திருந்தது. “ஆயுசு பூரா அவ காப்பாத்தின விரதம் அது, தம்பி. அதை உடைன்னு ஆள் விட்டுச் சொல்ல முடியாது. நான் நேர்ல போய்க் கால்ல விழுந்து கேட்கணும். கரி வண்டி கடந்ததும் வரேன். அதுவரைக்கும் இருக்கச் சொல்லு.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“இருக்கச் சொல்லு” என்றார் மறுபடியும்.

திரும்பி ஓடும்போது அந்தச் செய்தியைத்தான் கொண்டுபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எண்ணம் எனக்கு அப்போது இல்லை. ஆனால் ஜன்னல் அருகே போனதும் திதி கண்ணைத் திறந்து என் பின்னால் தேடினார். தம்பி வரவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கண் மெல்ல மூடிக்கொண்டது. இருக்கச் சொல்வதா? எதை நம்பி இருக்கச் சொல்வது? தந்தி கற்றுக்கொள்ள உட்கார்ந்த முதல் நாளே எனக்குச் சொன்னது, செய்தியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையை வெட்டிப் போட வேண்டும் என்பது. நான் மொத்தச் செய்தியையும் மாற்றினேன்.

“திதி, மாஸ்டர் குடிக்கச் சொன்னார். ‘நான் சொல்றேன், குடி’ன்னு சொல்லச் சொன்னார்.”

தண்ணிக்காரர் லோட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஏகாதசியில விதவைக்குக் கொடுத்தா அந்தப் பாவம் யாருக்கு, பாபு?” என்று முணுமுணுத்தார். திதி அதைக் கேட்டிருக்க வேண்டும். “எனக்குத்தான். கொடு” என்றார். நான் லோட்டாவை வாங்கி ஜன்னல் கம்பி வழியாகச் சாய்த்தேன். பக்கத்திலிருந்தவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. பிறகு கம்பியைப் பிடித்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டு, லோட்டா காலியாகும்வரை குடித்தார். குடித்து முடித்து என்னைக் கிட்டே வரச் சொல்லி, மெல்ல இரண்டு வார்த்தை சொன்னார். தம்பியிடம் சொல்லச் சொல்லி.

அந்த நேரத்தில்தான் மணி அடித்தது. ஸ்பெஷலின் கடைசிப் பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்கள் கதவை உடைத்துக்கொண்டு குளத்துக்கு ஓடியிருந்தார்கள். சிலர் கையில் செம்போடு பாதையின் நடுவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாயின்ட்ஸ்மேன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள், அடித்து விலக்கினார்கள், ஒருவரை முடியைப் பிடித்து இழுத்தார்கள். மணி நிற்கவே இல்லை. கரி வண்டி எங்களுக்கும் குளத்துக்கும் நடுவில் பூமி அதிரக் கடந்து போனது. அது போன பிறகு அந்தப் பக்கம் நின்றவர்களையும் இந்தப் பக்கம் நின்றவர்களையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தட்டல் கேட்ட அதே கணத்தில் மணி அடிக்காமல் போயிருந்தால் அந்தப் பாதையை நான் கண்கொண்டு பார்த்திருக்க முடியாது.

மாஸ்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நாலடி வைத்திருப்பார். டாக்டர் வந்துவிட்டார். பாதை காலியானால் ஸ்பெஷலை உடனே நகரத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றார். மாஸ்டர் பெண்கள் பெட்டி இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். திரும்பி உள்ளே போய், வடக்கு ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்டார். டிரைவருக்கு அனுமதிச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வண்டி நகர்ந்தபோது அவர் ஆபீஸ் வாசலில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். பெண்கள் பெட்டி கடந்தது. யாரும் கையை ஆட்டவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான், “சொல்லிட்டேன், மஷாய்” என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாற்று ஆள் வந்ததும் மருத்துவமனைக்குப் போனார். தொற்று நோய் என்று உள்ளே விடவில்லை. மறுநாள் திதி காலமானார்.

இப்போது உங்களில் யாராவது எழுந்து, மாஸ்டர் செய்தது சரியா, நீங்கள் செய்தது சரியா என்று கேட்பீர்கள். மாஸ்டர் நகராததால் அந்தப் பத்துப் பதினைந்து பேரும் கரி வண்டியில் அடிபடாமல் தப்பினார்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷ சர்வீஸில் யாருடைய செய்தியிலும் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. ஆனால் அதே ஜன்னலில் அதே கண்ணை மறுபடி பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே உத்தரவாதம் கிடையாது.

காரியங்களை முடித்துக்கொண்டு மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். ஆள் பாதியாகியிருந்தார். வெற்றிலை போடுவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற சாப்பாடு அப்படியே திரும்பிப் போயிற்று. கூஜாவைக் கையில் எடுப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், வைத்துவிடுவார். ஒரு பிற்பகல், வண்டி எதுவும் இல்லாத நேரம், என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அன்னிக்கு நான் வரேன்னு சொன்னேன், வரலை. கடைசி வரைக்கும் அவ தொண்டை காய்ஞ்சு காத்துண்டு இருந்தாளா?”

“இல்லை, மஷாய். தண்ணி குடிச்சாங்க.”

“ஏகாதசியில யார் சொல்லிக் குடிச்சா?”

என் வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். “நீங்க சொன்னதா நான் சொன்னேன்.”

“நான் இருக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்?”

“ஆமா. நான் மாத்திச் சொன்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். “அவ நம்பியிருக்க மாட்டாளே. நான் ஆள் விட்டுச் சொல்ற பிள்ளை இல்லைன்னு அவளுக்குத் தெரியுமே” என்றார் கடைசியில்.

“நம்பலை. என் முகத்தைப் பார்த்ததுமே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“பின்னே எதுக்குக் குடிச்சா?”

திதி அந்த ஜன்னலில் சொன்னதை அப்போது சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. “‘கோகா சொல்லித்தான் நான் குடிச்சேன்னு அவன்கிட்டச் சொல்லு. இல்லேன்னா இனிமே அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி இறங்காது.’ இதைத்தான் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க.”

மாஸ்டர் மஷாய் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் அங்கேயே நின்றேன். பிறகு நிமிர்ந்து, முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் என்னிடம் தண்ணீர் கேட்டார். கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.